செஞ்சிக் கோட்டையும் கணினியில் குவியும் படங்களும்: எந்த மென்பொருளை நம்புவது?

கூகுள் நிறுவனம் 2016 மார்ச் 15ஆம் தேதியோடு பிக்காசா என்ற பட மென்பொருளைக் கைகழுவியது. கணினிகளில் ஏற்கெனவே இருந்த பிக்காசா அன்றே நின்றுவிடவில்லை. புதுப் பதிப்பு வராது, பழுது வந்தால் பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான். ஆண்டுகள் பல ஆகிவிட்டன, தமிழ்நாட்டுச் சிற்றூர் ஸ்டுடியோக்களில் அதை விடாமல் வைத்திருப்பவர்கள் இன்னும் உண்டு. ஏன் என்று கேட்டால் முதலில் வேகத்தைச் சொல்வார்கள், அது உண்மைதான். கொஞ்சம் தோண்டினால் அடுத்த காரணம் வரும்: “பழைய ஆல்பம் எல்லாம் அதுக்குள்ளதான் கெடக்குது.” இதைப் பிடித்தம் என்று சொல்வதற்கில்லை. வெளியே வர வழி தெரியவில்லை.

டிஜிட்டல் படங்களைப் பார்க்கவும் அடுக்கவும் எந்த மென்பொருள் நல்லது என்ற கேள்விக்கு வசதிகளை வரிசைப்படுத்திப் பட்டியல் போடுவதுதான் வழக்கம். முகம் அடையாளம் காணுமா, வரைபடத்தில் காட்டுமா, இலவசமா என்று. அந்தப் பட்டியல்கள் ஓராண்டில் பழசாகிவிடுகின்றன. மென்பொருள் போன பிறகு நம் கையில் என்ன மிஞ்சும் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். இதைச் சோதித்துப் பார்க்கச் செஞ்சியைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

2025 ஜூலை 11 அன்று பாரிஸில் நடந்த யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழுவின் 47ஆம் கூட்டம், ‘இந்தியாவின் மராட்டிய இராணுவ நிலவெளிகள்’ என்ற பெயரில் 12 கோட்டைகளைப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது செஞ்சி. அதற்கு முன்பும் விடுமுறை நாட்களில் திண்டிவனம்–திருவண்ணாமலை சாலையில் இறங்கிக் கோட்டை ஏறுகிறவர்கள் குறைவில்லை. இப்போது வருகிற ஒவ்வொருவரும் போனில் நூறு, இருநூறு படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஊருக்குள்ளும் படம் குவிகிறது: ஸ்டுடியோக்காரரிடம் கல்யாணமும் காதணி விழாவும் மஞ்சள் நீராட்டும், பள்ளி ஆசிரியரிடம் மாணவர்களை அழைத்துக்கொண்டு அருகிலுள்ள திருநாதர் குன்றுக்கும் சிங்கவரத்துக்கும் போய்வந்த படங்கள், வீடுகளில் மூன்று தலைமுறை மாற்றிய பழைய போன்களின் மெமரி கார்டுகள்.

கோட்டையே ஒரு வகைப்படுத்தல் சிக்கல். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். அவற்றை இணைத்துச் சுமார் 13 கி.மீ. ஓடும் மதில். “கிருஷ்ணகிரி” என்று குறிச்சொல் இட்டுச் சேமித்தால், பிறகு தேடும்போது மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரியில் நடந்த உறவினர் கல்யாணமும் சேர்ந்து வந்து நிற்கும். சந்திரகிரி என்றால் திருப்பதிக்குப் பக்கத்து விஜயநகரக் கோட்டை. ராஜகிரி என்றொரு ஊர் பாபநாசம் பக்கம் இருக்கிறது. மூன்று மலைக்கும் வேறிடத்தில் பெயர்க்காரர்கள். ஊரின் பெயரோ ஆட்சிக்கு ஆட்சி மாறியது. பிஜப்பூர்க்காரர்கள் பாதுஷாபாத் என்றார்கள். மராட்டியர் சந்தி என்றார்கள். 1698இல் நீண்ட முற்றுகைக்குப் பின் கோட்டையைப் பிடித்த ஜுல்பிகார் கானின் பட்டப்பெயரால் மொகலாயர் நுஸ்ரத்கட் ஆக்கினார்கள். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஜிஞ்சி என்று எழுதினார்கள். பழைய ஓவியமோ வரைபடமோ ஸ்கேன் செய்து வைத்திருப்பவர் எந்தப் பெயரில் தேடுவார்?

ஆகவே முதல் தகுதி, குறிச்சொற்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்க முடிய வேண்டும். செஞ்சி, அதற்குள் கிருஷ்ணகிரி, அதற்குள் களஞ்சியம். டிஜிகாம், அடோபி லைட்ரூம், எக்ஸ்என்வியூ எம்பி ஆகிய மூன்றிலும் இது முடியும். போனில் வரும் கேலரிகளிலும் கூகுள் போட்டோஸிலும் முடியாது. கூகுள் போட்டோஸில் ஆல்பம் உண்டு, ஆல்பத்துக்குள் ஆல்பம் கிடையாது.

இவற்றை ஒப்பிடுவதற்கு முன் வேலைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். படத்தைச் சட்டென்று திறந்து பார்ப்பது ஒரு வேலை. ஆயிரக்கணக்கான படங்களைத் தேடக்கூடிய ஒழுங்கில் வைப்பது இன்னொன்று. தொலையாமல் காப்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே மென்பொருளின் தலையில் கட்டும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

பார்ப்பதற்கான மென்பொருள்களில் போட்டி எப்போதோ முடிந்துவிட்டது. 1996இல் இர்ஃபான் ஸ்கில்யான் எழுதி வெளியிட்ட இர்ஃபான்வியூ இன்றும் சில எம்பி அளவுதான். பழைய கணினியிலும் தட்டியவுடன் திறக்கும். ஃபாஸ்ட்ஸ்டோன் நான்கு படங்களைப் அருகருகே வைத்து ஒப்பிட்டுக் காட்டும். கண் மூடியிருப்பது யார், யார் சிரித்திருக்கிறார்கள் என்று பார்க்க இதைவிட வசதி தேவையில்லை. இரண்டும் வீட்டு உபயோகத்துக்கு இலவசம்; கடையில் வைத்துத் தொழில் செய்கிறவர் உரிமம் வாங்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. விண்டோஸோடு வரும் போட்டோஸ் செயலியை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுமை அதிகம், ஒவ்வொரு பதிப்பிலும் முகம் மாறுகிறது. ஐபோன்காரர்களிடமிருந்து வரும் ஹெச்இஐசி கோப்புகள் மட்டும் விண்டோஸில் தனியாகக் கோடெக் நிறுவும்வரை திறக்காமல் அடம்பிடிக்கும். 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து இந்தத் தொல்லை இருக்கிறது.

ஸ்டுடியோக்காரரின் தேவை சற்று வேறு. ஒரு கல்யாணத்துக்கு மூன்றாயிரம் ரா ஃபைல், ஒன்று 25 முதல் 30 எம்பி என்றால் ஏறத்தாழ 80 ஜிபி. முதலில் கழிக்க வேண்டும், பிறகு வாடிக்கையாளர் ‘செலக்‌ஷன்’ செய்ய அனுப்ப வேண்டும். ஃபோட்டோ மெக்கானிக், ஃபாஸ்ட்ராவியூவர் போன்றவை இதற்கென்றே வந்தவை. ஃபோட்டோ மெக்கானிக் ரா ஃபைலுக்குள் கேமராவே பொதித்து வைத்திருக்கும் சிறு ஜேபெக் படத்தைத்தான் காட்டுகிறது. அந்த வேகத்தின் ரகசியம் அவ்வளவுதான். இரண்டும் காசுக்கு. பல ஊர்களில் செலக்‌ஷன் இன்னும் காகிதத்தில்தான் நடக்கிறது: பென் டிரைவில் படங்களைக் கொடுத்தனுப்புவார்கள், மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து எண்களை எழுதி அனுப்புவார்கள். எண் 9999 தாண்டியதும் கேமரா மறுபடி 0001இலிருந்து தொடங்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. இரண்டு கேமராவில் எடுத்திருந்தால் ஒரே எண்ணில் இரண்டு படம் கிடக்கும். அனுப்பும் முன் ஊரும் தேதியும் வைத்து மொத்தமாகப் பெயர் மாற்றுவது இர்ஃபான்வியூவிலேயே ஒரு நிமிட வேலை.

இனி அடுக்குவதற்கு வருவோம். சிக்கல் இருப்பதும், தவறான தேர்வுக்கு விலை கொடுக்க வேண்டியிருப்பதும் இங்கேதான்.

படங்களை அடுக்கும் மென்பொருள்கள் அடிப்படையில் இரண்டு குணம் கொண்டவை. சில, உங்கள் ஃபோல்டர்களை இருந்த இடத்திலேயே விட்டு, மேலே நின்று பார்க்கும். சில, எல்லாவற்றையும் தன் நூலகத்துக்குள் இழுத்துக்கொள்ளும். ஆப்பிளின் பழைய ஐபோட்டோ இரண்டாம் ரகம்; 2015இல் அதன் இடத்துக்கு வந்த போட்டோஸும் வழக்கமாக அப்படித்தான். எந்த ரகமானாலும் கேட்க வேண்டியது, நாம் எழுதும் தலைப்பு, குறிச்சொல், ஆள் பெயர், நட்சத்திரம் ஆகியவை எங்கே சேமிக்கப்படுகின்றன என்பதுதான். படக் கோப்புக்குள்ளேயே எழுதலாம். படத்துக்குப் பக்கத்தில் எக்ஸ்எம்பி என்ற சிறு துணைக்கோப்பில் எழுதலாம். மென்பொருள் தனக்கென வைத்திருக்கும் தரவுத்தளத்தில் மட்டும் எழுதலாம். மூன்றாவது வகையில் சேர்த்த உழைப்பு வாடகை வீட்டில் நட்ட தென்னை, காய்ப்பது நமக்கில்லை.

பிக்காசா இதில் பாதிக் கிணறு தாண்டியது. தலைப்பையும் குறிச்சொல்லையும் ஜேபெக் கோப்புக்குள் எழுதியது. ஆல்பங்கள், நட்சத்திரங்கள், வெட்டித் திருத்திய விவரங்கள் எல்லாம் ஒவ்வொரு ஃபோல்டரிலும் மறைந்து கிடக்கும் ஒரு ஐஎன்ஐ கோப்பிலும் தன் தரவுத்தளத்திலும் போயின. ஆள் பெயர்களைப் படத்துக்குள் எழுதும் வசதி கடைசிப் பதிப்புகளில்தான் வந்தது. அதையும் நாமே தேடிப் பிடித்து இயக்க வேண்டும். திருத்தியதைச் சேமித்தால் மூலப்படம் மறைவான இன்னொரு ஃபோல்டருக்குப் போகும். கணினியைச் ‘சுத்தம்’ செய்கிறேன் என்று மறைந்த கோப்புகளை அழித்தவர்கள் மூலத்தையே இழந்தார்கள். பிக்காசாவில் இன்னும் இருப்பவர்கள் அந்தக் கணினி உயிரோடு இருக்கும்போதே ஆள் பெயர்களைப் படத்துக்குள் எழுதவைத்து, ஆல்பங்களைத் தனித்தனி ஃபோல்டராக ஏற்றுமதி செய்துகொண்டு வெளியேறலாம். கணினி போனபின் முடியாது.

லைட்ரூம் தொழில்முறையாளரின் கருவி, 2007இல் வந்தது. நிறத் திருத்தத்தில் அதற்கு நிகர் சொல்வது கடினம். 2017க்குப் பிறகு மொத்தமாக வாங்கிக்கொள்ளும் பதிப்பு நின்று சந்தா மட்டும் ஆனது. சந்தா நின்றால் லைட்ரூம் கிளாசிக் திறக்கும், படங்களைக் காட்டும், தேடவும் விடும். திருத்தும் பகுதியும் வரைபடமும் பூட்டிக்கொள்ளும். குறிச்சொற்கள் அதன் கேட்டலாக் கோப்பில் இருக்கும். கோப்புக்குள் எழுதுவதற்கான கட்டளையை நாமே கொடுக்க வேண்டும், அல்லது தானாக எழுதும்படி அமைத்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் ஐந்தாறு வருடம் உழைத்தவர்களை எனக்குத் தெரியும். மாதாமாதம் கல்யாண வேலை இருக்கும் ஸ்டுடியோவுக்கு லைட்ரூம் கட்டுபடியாகும். ஆசிரியருக்கும் குடும்பத்துக்கும் தேவையில்லை.

டிஜிகாம் கேடிஇ குழுமத்தைச் சேர்ந்த கட்டற்ற மென்பொருள். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். அடுக்கடுக்கான குறிச்சொல், வரைபடம், முகம் அறிதல், ஒரே மாதிரிப் படங்களைக் கண்டுபிடித்தல் எல்லாம் உண்டு. அமைப்புகளில் போய், குறிப்புகளைக் கோப்புக்குள் எழுது என்பதைச் சரிபார்த்துவிட்டால் நாளை டிஜிகாமே இல்லாமல் போனாலும் நம் உழைப்பு படத்தோடு இருக்கும். குறைகளும் உண்டு. திரை முழுக்கப் பொத்தான்கள். முதல்முறை திறப்பவர் மிரண்டுபோவார். நெட்வொர்க் டிஸ்க்கில் படங்களை வைத்தால் ஆமை வேகம். இவ்வளவையும் சொல்லிவிட்டுத்தான், ஊர் வரலாற்றைப் படமாக்கிச் சேர்ப்பவருக்கு இதையே பரிந்துரைக்கிறேன். எதையும் நிறுவ விரும்பாதவருக்கு ஒரு தகவல்: விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரிலேயே ஜேபெக் படத்தின் பண்புகளைத் திறந்து குறிச்சொல்லும் நட்சத்திரமும் இடலாம். அவை கோப்புக்குள்தான் போகின்றன. இருநூறு படம் உள்ளவருக்கு அதுவே போதும்.

தமிழில் குறிச்சொல் இடுகிறவர் இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். மென்பொருள் ஒப்பீடுகள் இதைப் பேசுவதே இல்லை. படத்துக்குள் குறிச்சொல் எழுத இரண்டு முறைகள் வழக்கில் உள்ளன: பத்திரிகை நிறுவனங்களுக்காக உருவான பழைய ஐபிடிசி முறை, அடோபி 2001இல் கொண்டுவந்த எக்ஸ்எம்பி முறை. பழைய ஐபிடிசியில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். யூனிகோடு தமிழில், யுடிஎஃப்-8 முறையில், ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். ‘கோ’ என்ற ஓர் எழுத்து, ககரமும் ஓகாரக் குறியுமாக ஆறு பைட் எடுக்கும். “வேங்கடரமணர் கோயில் கோபுரம்” என்பது 74 பைட். பழைய முறையில் மட்டும் எழுதும் மென்பொருள் இதை “வேங்கடரமணர் கோயில் கோப” என்று வெட்டி, பின்னால் ஒரு சிதைந்த கட்டத்தை ஒட்டிவிடும். எக்ஸ்எம்பியில் அந்த வரம்பு இல்லை. ஆகவே எக்ஸ்எம்பியில் எழுதுகிறதா என்று பார்ப்பது தமிழ்ப் பயனருக்குக் கட்டாயம். குறிச்சொற்களைச் சுருக்கமாக வைப்பதும் நல்லதே; வேங்கடரமணர் கோயில் ஒரு சொல், கோபுரம் இன்னொரு சொல்.

இன்னும் நுட்பமான தொல்லை ஒன்று உண்டு. ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பும் காலும் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஆப்பிளின் பழைய கோப்பு முறை ஃபோல்டர் பெயர்களை இரண்டாகப் பிரித்தே வைத்துக்கொள்ளும். அங்கே ‘கோட்டை’ என்று பெயரிட்ட ஃபோல்டரை விண்டோஸ் கணினிக்குக் கொண்டுவந்து ‘கோட்டை’ என்று தட்டித் தேடினால், இரண்டையும் சமமாகக் கருதத் தெரியாத மென்பொருள் ஒன்றுமில்லை என்று சொல்லும். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய தலைப்புகளோ அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அதற்கு முந்திய ஸ்டுடியோ வட்டுகளில் இந்தக் குப்பையை நிறையப் பார்க்கலாம். ஃபோல்டர் பெயர்களை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வைத்து, தமிழைக் குறிச்சொல்லிலும் தலைப்பிலும் எழுதுவதே இப்போதைக்குப் பாதுகாப்பு. தமிழ்ப் பற்றுக்கு இது சற்று உறுத்தும்தான்.

போனில் எடுக்கும் படத்தில் ஜிபிஎஸ் இடத்தைத் தானே பதிவதால் ஊர்ப் பெயர் எழுதத் தேவையில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. கிருஷ்ணகிரி உச்சியில் நின்று எதிரே ராஜகிரியைப் படம் எடுங்கள்; ஜிபிஎஸ் கிருஷ்ணகிரி என்றே சொல்லும். கேமரா நின்ற இடம் மட்டுமே அதற்குத் தெரியும். இதன் உச்சம் புதுச்சேரிக் கடற்கரையில் இருக்கிறது. காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சி வேங்கடரமணர் கோயிலிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவை. அவற்றை எடுத்த படம் வரைபடத்தில் புதுச்சேரியில் நிற்கும். செஞ்சிக் கோயிலின் கட்டடக்கலையைத் தேடுபவருக்கு அகப்படாது. ஐபிடிசி தரத்தை வகுத்தவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள்: படம் எடுத்த இடத்துக்கு ஒரு புலம், படத்தில் தெரியும் இடத்துக்கு வேறொரு புலம் என்று புதிய தரத்தில் உண்டு. சாதாரண மென்பொருள்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. குறிச்சொல்லில் “செஞ்சி” என்று கையால் எழுதுவதைத் தவிர வழியில்லை.

தேதியும் அப்படி முழுதாக நம்பத்தக்கதல்ல. சிங்கப்பூரிலிருந்து கல்யாணத்துக்கு வந்த மாமா தன் கேமராவின் கடிகாரத்தை மாற்றாமல் எடுத்தால், அவர் படங்கள் இரண்டரை மணி நேரம் முன்னே ஓடும். காலை 7.30க்குக் கட்டிய தாலி 10 மணிக்குக் கட்டியதாக, பந்திக்குப் பிறகு வந்து நிற்கும். கேமரா வாரியாகப் படங்களைத் தேர்ந்து நேரத்தை மொத்தமாக நகர்த்தும் வசதி டிஜிகாமிலும் லைட்ரூமிலும் உண்டு. ஃபில் ஹார்வியின் எக்சிஃப்டூல் கருவி தெரிந்தவருக்கு ஒரே வரிக் கட்டளை. வாட்ஸ்அப்பில் வந்த படங்களின் கதை வேறு. அது அளவைச் சுருக்குவதோடு எடுத்த நேரம், இடம், கேமரா என்று கோப்புக்குள் இருப்பதையெல்லாம் களைந்துவிடுகிறது. கோப்பின் பெயரில் தெரியும் தேதி, படம் வந்து சேர்ந்த தேதி. உறவினர்களிடம் படம் கேட்கும்போது ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொன்னால் எல்லாம் அப்படியே வரும். ஊருக்கே இதை ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் எந்த மென்பொருள் வாங்குவதையும்விடப் பயன் அதிகம்.

அடுத்தது ஆட்களின் பெயர்கள். புதுச்சேரியில் 1955இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் படமெடுத்துச் சேர்த்த தொகுப்பில் ஏறக்குறைய 1,60,000 படங்கள் இருக்கின்றன. தொடங்கியபோது கணினி கிடையாது. படத்தைப் பற்றி எழுதிவைத்த விவரம் படத்தோடு சேர்ந்து நிலைத்ததால்தான் அது இன்று ஆய்வாளருக்குப் பயன்படுகிறது. அதே நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களையும் மின்னாக்கம் செய்தது. குடும்பப் படங்களில் அட்டையின் அடியில் ஸ்டுடியோவின் பெயர் அச்சாகியிருக்கும். நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. எடுத்த காலத்தில் எல்லோருக்கும் தெரிந்ததால் எழுதவில்லை. இன்றைய முகம் அறியும் வசதி ஒரே முகங்களைச் சேர்த்துக் கொடுக்கும். பெயரை நாம்தான் சொல்ல வேண்டும். அந்தப் பெயர் கோப்புக்குள் போகிறதா என்ற பழைய கேள்வி இங்கேயும் வரும். கூகுள் போட்டோஸில் போகாது. டிஜிகாமில் போகும்.

முக அறிதலில் புது வியாபாரம் ஒன்றும் வந்திருக்கிறது. மண்டப வாசலில் கியூஆர் குறியீடு. விருந்தினர் ஒரு செல்ஃபி கொடுத்தால் தான் இருக்கும் கல்யாணப் படங்களெல்லாம் போனுக்கு வரும். வசதிதான், மறுக்கவில்லை. வந்தவர் அத்தனை பேரின் முகத் தரவும் எவருடைய சர்வரில் எத்தனை நாள் இருக்கும் என்று கேட்கிற வழக்கம் ஸ்டுடியோக்காரருக்கும் இல்லை, வாடிக்கையாளருக்கும் இல்லை. வீட்டுக்குள் சொந்தத்துக்கு முகம் பிரித்து வைப்பதை 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தொடாது; தொழிலாகச் செய்யும்போது அந்த விலக்கு கிடையாது.

கூகுள் போட்டோஸை ஒதுக்கிவிட்டு இந்தக் கேள்வியைப் பேச முடியாது. பெரும்பாலான வீடுகளின் படத்தொகுப்பு அதுதான். 2015 மே மாதம் வந்தபோது, சற்றுச் சுருக்கிய தரத்தில் எவ்வளவு படமானாலும் இலவசம் என்றது. ஆறாண்டு கழித்து 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை போனது; மெயிலோடு சேர்த்து மொத்தம் 15 ஜிபி. ஒரு படம் 4 எம்பி என்றால் நாலாயிரத்துக்குள் முடிந்துவிடும். பிறகு மாதச் சந்தா. தேடுவதில் அது கெட்டிக்காரன்தான், குரங்கு என்றால் கோட்டைப் படியில் அமர்ந்த குரங்குகளை அள்ளிக்கொண்டு வரும். கோட்டைக்குள் கல்யாண மஹால் எது, களஞ்சியம் எது, 1717–18இல் கட்டிய சாதத்துல்லா கான் பள்ளிவாசல் எது என்று உள்ளூர்க்காரர் பிரிப்பதுபோலப் பிரிக்க அதை நம்ப முடியாது. வெளியேற டேக்அவுட் என்ற வழி உண்டு. படங்கள் வரும், நாம் எழுதிய விளக்கங்கள் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஜேசன் கோப்பாகத் தனியே வரும். அதைத் திரும்பப் படத்துக்குள் ஏற்றுவது சாதாரண ஆளின் வேலையல்ல.

மாற்று வழிகள் வளர்ந்திருக்கின்றன. இந்தியர் ஒருவர் தொடங்கிய என்டே, படங்களை நம் போனிலேயே பூட்டி, சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் சேமிக்கும் சேவை. மூலநிரலையும் திறந்து வைத்திருக்கிறது. இம்மிச், ஃபோட்டோபிரிசம் ஆகியவற்றை நம் வீட்டுக் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். இம்மிச்சில் பன்மொழி மாதிரியை ஏற்றினால் தமிழிலேயே தேடிப் பார்க்கலாம். ஆனால் அந்தக் கணினி நாள் முழுக்க ஓட வேண்டும், மின்வெட்டைத் தாங்க வேண்டும், பதிப்புகளைப் புதுப்பிக்க ஓர் ஆள் வேண்டும். கல்லூரியில் கணினி படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் முயலலாம். அந்தப் பிள்ளை பெங்களூருக்கு வேலைக்குப் போனபின் யார் பார்ப்பார்கள் என்பதையும் இப்போதே யோசித்துவிட வேண்டும். இம்மிச்சை உருவாக்கியவர்களே ஆரம்ப ஆண்டுகளில், இதை மட்டும் நம்பிப் படங்களை வைக்காதீர்கள் என்று முகப்பில் எழுதியிருந்தார்கள்.

காப்பது மென்பொருளின் வேலையே இல்லை, டிஸ்க்கின் வேலை. மூன்று பிரதி, இரண்டு விதமான ஊடகம், ஒன்று வேறு ஊரில் என்ற விதியைப் புகைப்படக்காரர் பீட்டர் குரோ பரப்பினார். ‘வேறு ஊரில்’ என்பதை நம்மவர்கள் மிகையென்று தள்ளுவார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் செஞ்சி இருக்கும் விழுப்புரம் மாவட்டத்தைப் புரட்டியபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை பெய்தது. கீழ்த்தளத்தில் கணினியும், அதே மேசை டிராயரில் பேக்கப் ஹார்ட் டிஸ்க்கும் வைத்திருப்பவருக்கு இரண்டு பிரதி இருந்தும் ஒன்றுதான். சென்னையிலோ திருவண்ணாமலையிலோ இருக்கும் தங்கை வீட்டில் ஒரு டிஸ்க்கை வைத்து, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மாற்றிக்கொண்டால் மாதச் சந்தா எதுவும் வேண்டாம். சிடி, டிவிடி மட்டும் வைத்திருப்பவர்கள் உடனே டிஸ்க்குக்கு மாற்றிக்கொள்ளட்டும். படிக்கும் டிரைவ் உள்ள கணினியே அரிதாகி வருகிறது.

கோட்டைப் படங்களை ஊருக்கு விட்டுப்போக நினைப்பவர்களுக்கு விக்கிமீடியா காமன்ஸ் இருக்கிறது. தன் தொகுப்புக்கு மாற்றாக அதைக் கருதக் கூடாது. தேர்ந்த படங்களின் இன்னொரு இருப்பிடமாகக் கொள்ளலாம். செஞ்சிக் கோட்டைக்கென்று அங்கே பகுப்பு உண்டு. ராஜகிரி வழியின் படங்களே நிறைய. சந்திரகிரிப் பக்கமும், திருநாதர் குன்றின் தீர்த்தங்கரர் சிற்பங்களும், மேலச்சேரிக் குடைவரையும் உள்ளூர்க்காரர் ஏற்றினால்தான் நிறையும்.

எந்த மென்பொருளையும் ஏற்பதற்கு முன் அரை மணி நேரத்தில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. இருபது படங்களைத் தனி ஃபோல்டரில் நகலெடுத்து வையுங்கள். அந்த மென்பொருளில் அவற்றுக்குத் தமிழில் தலைப்பு, குறிச்சொல், ஆள் பெயர், நட்சத்திரம் இடுங்கள். குறிச்சொல்லில் ஒன்றாவது “வேங்கடரமணர் கோயில் கோபுரம்” அளவுக்கு நீளமாக இருக்கட்டும். பிறகு ஃபோல்டரைப் பென் டிரைவில் போட்டு, அந்த மென்பொருள் இல்லாத வேறொரு கணினியில் எக்ஸ்என்வியூவிலோ டிஜிகாமிலோ திறந்து பாருங்கள். தலைப்பும் குறிச்சொல்லும் முழுதாகத் தெரிந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆள் பெயர் மட்டும் வரவில்லையென்றால் பெயர்களைக் குறிச்சொல்லாகவே எழுதிச் சமாளிக்கலாம். எதுவும் வரவில்லையென்றால் அதைப் பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள், ஸ்லைடு ஷோ எவ்வளவு அழகாக ஓடினாலும்.